பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்

சாமித்துரை பிறவிச் சந்தேகக்காரர். கோவில்பட்டி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பலகையைப் படிப்பார், இரண்டு பேரிடம் கேட்பார், பஸ் கிளம்பிய பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் மனைவி சொர்ணத்தாய்தான். அந்த நல்ல பெயரும் இந்தக் கார்த்திகையில் கெட்டுப்போனது.

கழுகுமலை ரோட்டுக்கு மேற்கே அவர்களுக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் மயில்கள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். பகல் காவல் சொர்ணத்தாய்க்கு. அன்று மத்தியானம் சாமித்துரை தூக்குவாளியில் சோறு கொண்டு போனார். முந்தின நாள் மழையில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்ததால், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் வந்த சத்தமே கேட்கவில்லை. உடைமரத்தை நெருங்கும்போது மனைவியின் குரல் கேட்டது.

"ஏலே திருப்பதி, நீ தின்னது போதும், தள்ளிப் போ. அவன் இன்னும் சாப்பிடலை."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. சாமித்துரை அந்தச் சிரிப்பைக் கேட்டே பல வருஷம் இருக்கும். எட்டிப் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. மகள் புதுப் போன் வாங்கியபோது அம்மாவுக்கு விட்டுப்போன பழைய போன் மட்டும் சொர்ணத்தாயின் முகத்துக்கு நேரே இருந்தது. அவரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரிடம் பேசினாய் என்று கேட்டார். மயிலை விரட்டினேன் என்றாள். பொய் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

திருப்பதி பக்கத்துக் காட்டுக்காரன். சொந்த டிராக்டர் வைத்திருப்பவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். இதுவரை இது எதுவும் சாமித்துரைக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. புரட்டாசியில் ஊரே டிராக்டருக்குக் காத்துக் கிடந்தபோது திருப்பதி இவர் காட்டைத்தானே முதலில் உழுதான்? அவனுக்குக் கொடுத்த டீயில் சொர்ணத்தாய் சீனி கூடப் போட்டாளே? அது போதாதென்று, 'அவன்' என்று இன்னொருத்தன் வேறு இருக்கிறான். அவன் சாப்பிடவில்லையென்று இவளுக்கு விசாரம். சாமித்துரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்து அணைத்து, பூச்சிமருந்து அடிக்கிற காலி ஸ்பிரேயர் டப்பாவுக்குள் போட்டு மூடினார். சொர்ணத்தாய் ஒரு நாள் முழுக்கத் தேடினாள். அவரிடமும் கேட்டாள். நான் பார்க்கவில்லை என்று கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு அவள் தேடவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று அவர் தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டார். டீக்கடையில் திருப்பதியைப் பார்த்தபோது, இனி உன் டிராக்டர் என் காட்டுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் டீ கிளாஸும் கையுமாக முழித்தான். அந்த முழிப்பையும் இவர் சாட்சியில் சேர்த்துக்கொண்டார்.

ஆறாம் நாள் காலையில், திருநெல்வேலி விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் மகள் சுந்தரேஸ்வரி அவருடைய போனுக்குக் கூப்பிட்டாள். அம்மா போன் ஏன் நாலைந்து நாளாக அணைந்து கிடக்கிறது என்று கேட்டாள்.

"அம்மா வளக்குற உயிரெல்லாம் பட்டினியா கெடக்குமேப்பா. அஞ்சு நாள் தீனி வைக்கலைன்னா வீட்ட விட்டுப் போயிரும்."

என்ன உயிர் என்று கேட்டார். ஆயுத பூஜை லீவில் அம்மா போனில் தான் ஏற்றிக்கொடுத்த விளையாட்டு என்றாள் மகள். முட்டை பொரிந்து ஒவ்வொரு பிராணியாக வரும். நாம் பெயர் வைக்க வேண்டும். வாய்விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்து தின்னும். அம்மா ஊரிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் வைத்திருக்கிறாள், பல் நீண்ட அணிலுக்குத் திருப்பதி மாமா பெயர் என்று சொல்லிச் சிரித்தாள்.

சாமித்துரைக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வெட்கமும் சந்தோஷமுமாக ஓடிப்போய் போனை எடுத்துத் துடைத்து, சார்ஜில் போட்டார். கட்டிலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லி மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனாள்.

"மருந்து வாடை அடிக்கு," என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தாள். அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். அணில் மெலிந்து கிடந்தது. ஆமை, முயல், தவளை எல்லாம் சுருண்டு கிடந்தாலும் உயிரோடுதான் இருந்தன. ஒரு கூடு மட்டும் காலி. அதில் கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்கிற ஆந்தைக் குஞ்சின் படம், நிறம் இல்லாமல். கீழே ஒரு வரி இருந்தது: 'சாமித்துரை வீட்டை விட்டுப் போய்விட்டான்.'

ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால்கூட அட்டையைத் தூக்கிக் காட்டுகிறவள் சொர்ணத்தாய். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். பத்தொன்பது வருஷத்தில் தன் பெயரை அவள் வாயால் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நேர்ல சொல்லக் கூடாதுல்லா," என்றாள் அவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "காட்டுல யாரும் இல்லைன்னு கூப்பிட்டுப் பாத்தேன். நல்லாருந்துச்சு. அதுக்குத்தான் தீனி கூட வைப்பேன். நீங்க வந்த அன்னைக்கு அது தின்னவே இல்லை. செல்லமா வளந்தது, பட்டினி தாங்கலை."

அன்று சாப்பிடாமல் இருந்த 'அவன்' யார் என்று இப்போது புரிந்தது. தன் பெயரை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள், இழுத்தா, அதட்டியா, கொஞ்சியா என்று சாமித்துரை நினைத்துப் பார்த்தார். அது இனி கிடைக்காது என்று தோன்றியபோது அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

காலிக் கூட்டில் புதிதாக ஒரு முட்டை வந்து விழுந்து பொரிந்தது. பெயர் கேட்டது.

"எம் பேரயே வையேன்," என்றார் மெதுவாக.

சொர்ணத்தாய் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். மணிராஜ் என்று வந்தது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, கூச்சமில்லாமல், ஏலே மணிராஜ் என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். குஞ்சு ஓடி வந்தது.

ஊரில் மணிராஜ் என்று ஒருத்தரும் இல்லை. அவள் பிறந்த ஊரான கயத்தாற்றில் இருக்கிறாரா என்று சாமித்துரைக்குத் தெரியாது. கேட்க நாக்கின் நுனிவரை வந்தது. அவள் கையிலிருந்த போனில் இன்னும் மருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.