வைஃபை பெட்டியில் போட்ட பூட்டு

1

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: இது கதையே அல்ல, ஒப்பீட்டுக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. விளம்பரத்தையும் நம்மை வேவு பார்க்கும் நிரல்களையும் எந்தக் கருவியில் எப்படித் தடுப்பது என்று எழுத உட்கார்ந்தேன். விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமே என்று ஒரு கட்டுரையாளரைக் கற்பனை செய்தேன். கூடவே அவர் மனைவியும் வந்துவிட்டார். வந்தது வினை.

2

கட்டுரையாளரின் தொடக்கம்: "கணினியில் பிரவுசருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் போதும். கைபேசியில் அது பிரவுசரோடு சரி. மற்ற ஆப்களில் விளம்பரம் பல்லிளிக்கும். டிவியில் எதுவும் போட முடியாது. ஆகவே, விளம்பர, வேவு முகவரிகளைத் தடுக்கும் பூட்டை வைஃபை பெட்டியிலேயே போட்டுவிட்டால் வீடு முழுக்க..."

(மேலே எழுதக் கை வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

பூட்டைப் போட்ட வாரம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் மனைவி, குழந்தைக்காக விட்ட ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கு மறுபடி விண்ணப்பித்திருந்தார்.

"என்னங்க, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர்றேன்னு சொல்ல இந்த லிங்கைத் தொடணுமாம். திறக்கவே மாட்டேங்குது."

"என் பூட்டு சும்மா தடுக்காது. எவனாவது ஏமாத்துக்காரனா இருப்பான். அழிச்சிடு."

"அதானே, என்னை யாரு கூப்பிடப் போறாங்க?" மனைவி சிரித்துக்கொண்டே அழித்தார்.

[கட்டுரையாளரை சோபாவிலிருந்து எழுப்பி, அந்த மெயிலைப் பார்க்கவைத்து எழுதினேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். எழுந்திருக்கிற ஆளா அவர்?]

4

இன்று கட்டுரையின் 'குறைகள்' பகுதிக்காக வேறொரு மெயிலின் லிங்கைக் கைபேசியில் தொட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் தொட்டார், திறந்தது. ஒழுங்கான நிறுவனங்களும் யார் தொட்டார்கள் என்று எண்ணுகிற முகவரி வழியாகத்தான் லிங்க் அனுப்புகின்றன.* பூட்டு அந்த முகவரியைத் தடுத்துவிடுகிறது. அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பரிசோதனைக்கூடத்தைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார்.

"அவங்க வர்றேன்னு பதிலே சொல்லலையே சார். வேற ஆளை எடுத்துட்டோம்."

திரும்பி வந்து கட்டுரையில் தட்டினார்: "சில லிங்க்குகள் திறக்காமல் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்கலாம்." அடப்பாவி! அந்த மகராசி எங்கே முணுமுணுத்தாள்?

* இது அவருக்கு முன்பே தெரியும். பெருமையில் மறந்தார் என்று எழுதி மறைக்கப் பார்த்தேன். எனக்கே கூசுகிறது.

5

முடிவு ஒன்று: சொல்கிறார், மனைவி மன்னிக்கிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: கமுக்கமாகப் பூட்டைக் கழற்றுகிறார். அவர் மானம் பிழைக்கும். ஆனால் தன்னை நிஜமாகவே கூப்பிட்டார்கள் என்பது மனைவிக்குத் தெரியாமலே...

மூன்றாவதை எழுதுவதற்குள் மனைவி கைபேசியோடு வாசலில் வந்து நிற்கிறார்.

"என்னங்க, இன்னொரு லேபிலிருந்து மெயில் வந்திருக்கு. இதுவும் திறக்கல. ஏமாத்துதான், அழிச்சிடறேன்."

'அழிக்காதே' என்றால் 'ஏன்?' என்று கேட்பார். கட்டுரையாளர் திரையைவிட்டுத் தலை தூக்கவில்லை. நானும் குனிந்துகொண்டேன். அறையில் மிச்சம் இருப்பது நீங்கள்தான். யாராவது வாயைத் திறங்களேன்.