நடுங்காத வெளிச்சம்

"இத்த எந்தப் பக்கம்மா திருப்பணும்? ரேடியோ மாரி காது வச்சிகீது" என்றபடி வீட்டுக்காரம்மா கோவிந்தம்மா விளக்கின் குமிழைத் தப்பாகத் திருகினாள். அறை இருண்டது.

பேச்சிராஜின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த அடுத்த அறை ஐயனார், "முடிச்சு தெரியலக்கா" என்றான்.

இசக்கிசெல்வி எழுந்து மறுபக்கம் திருகினாள். வெளிச்சம் ஏறியது. அண்ணனின் முகத்தை முழு வெளிச்சத்தில் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

ஒரகடத்தில் ஒரே எல்.ஈ.டி. கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. அவளுக்கு முதல் ஷிஃப்ட், அவனுக்கு இரண்டாவது. அவன் வரும்போது அவள் தூங்குவாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்குவான். ஞாயிறுகளைப் பெரும்பாலும் ஓ.டி. தின்றுவிடும். ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுக்க வேண்டாமென்று இந்த விளக்கை அவன்தான் செய்தான். விளக்குக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் போர்டு, கம்பெனி கழித்துப் போட்டது. வெளிச்சத்தைக் குறைத்தால் வோல்டேஜ் நிற்காது. வீட்டில் மோட்டார் போட்டாலே விளக்கு துடிக்கும். கண்டன்சர் மாற்றிச் சரிசெய்தான்.

"நடுங்குனா முழிப்பு வந்துரும் பாத்துக்க" என்றான்.

இன்று மதியம் கம்பெனி பஸ்ஸுக்கு எழுப்பப் போன கோவிந்தம்மாதான் முதலில் பார்த்தது. டாக்டர் வந்து, நெஞ்சுவலி, விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார். செல்வி கிளம்பியது விடிந்த பிறகு.

"நீ போ சொல்லோ நல்லாதானேமா இருந்தான்?" என்றாள் கோவிந்தம்மா.

"தூங்கிட்டிருந்தாவ."

கோவிந்தம்மாவின் செல்லில் ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"கடைசியா என்னளா சொன்னான்?"

செல்வி சுவரைப் பார்த்தாள்.

"மோர்க்கொளம்பு வச்சிருக்கேண்ணேன்னு சொன்னேன். 'ம்'னாவ."

"'ம்'னானா?"

"ஆமாப்பா."

கோவிந்தம்மா அவளைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபோது இவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். காலையில் செல்வி தலைமாட்டில் வைத்துப் போய், திறக்காமல் கிடந்த டிபன் பாக்ஸை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் வேன் வந்தது. உடலை ஏற்றினார்கள். ஊர் வரைக்கும் ஐயனார் கூட வருவதாகச் சொன்னான். ஒரு பன்னை அவள் கையில் திணித்து, "வழியில சாப்பிடு" என்றான்.

பையை எடுக்க அவள் மட்டும் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். குமிழைக் காலையில் இருந்த மங்கலான இடத்துக்குத் திருப்பினாள். கைக்குப் பழகிய இடம். பார்க்கத் தேவையில்லை.

டிபன் பாக்ஸ் வைத்த இடத்தில், காலையில் குனிந்த மாதிரியே குனிந்தாள். தலையணையில் அவன் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதில் கையை வைத்து, அசைவு தெரிகிறதா என்று விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

வெளியே வாசல் கழுவ மோட்டார் போட்டார்கள். வெளிச்சம் நடுங்கவில்லை.

அந்த மங்கலிலும் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. நகக்கணுகூடத் தெரிந்தது.