மீதி இரண்டு பங்கு

சவுரிராயன் தழைக்கட்டை இறக்கிப் போடும் சத்தம் கேட்டால் ஐந்து ஆடுகளும் முட்டி மோதிக்கொண்டு எழுந்து வரும். அன்று நாலுதான் வந்தன. சுருட்டைக்காது மூலையிலேயே படுத்திருந்தது. அதன் பின்னால் ஏதோ ஈரமாகக் கிடக்க, கிட்டப்போய்ப் பார்த்தான். முடிகூட முளைக்காத குட்டி. நாள் நிறையுமுன்னே ஆடு அதைச் செத்ததாக வீசியிருந்தது. ஆவணி பிறந்து பன்னிரண்டு நாளில் இது நாலாவது. இனி வயிற்றில் குட்டியோடு இருப்பது செவலை ஒன்றுதான்.

இந்த ஐந்தும் சும்மா வந்த ஆடுகள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்டப் போன இடத்தில் அவன் பெண்டாட்டி ஜெயத்துக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், இனிமேல் உன்னைக் கரும்புக் கொல்லையில் கால் வைக்க விடமாட்டேன் என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னான். அவள் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். ஆடு வந்தது. ஐந்தும் நல்லபடியாகக் குட்டி போட்டுவிட்டால் இந்த வருஷம் கரும்பு மேஸ்திரி வந்து கூப்பிடும்போது தலையாட்ட வேண்டியதில்லை. அவர்களுடைய கணக்கு அவ்வளவுதான்.

ஆடு வாங்குகிறவன் முதலில் மேய்ச்சலுக்கு இடம் பார்க்க வேண்டும். சவுரிராயனும் பார்த்துத்தான் வாங்கினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் போய்விட்டது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் ஒன்று சவுக்கு ஆனது, இல்லாவிட்டால் பிளாட்டு ஆனது. ஏரிக்குள் சீமைக்கருவேல், அந்தத் தழையில் ஆடு வாய் வைக்காது. பாண்டுரங்கனின் நாலு ஏக்கரில் மஞ்சள் கல் நட்டு, முன்னால் ஒரு வளைவு கட்டி, நகர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்த நகரில் இன்றுவரை ஒரு குருவிகூடக் குடியேறவில்லை. சொந்த நிலத்தை விற்ற பாண்டுரங்கனே காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு அதற்கு வாட்ச்மேன். ஒரு காலத்தில் தன் கையால் வரப்போரம் நட்ட, ஆட்டுத் தழைக்கு ஆகிற சவுண்டல் மரங்கள் மட்டும் அவருக்கு இன்னும் சொந்தம் மாதிரி. "கம்பெனி வண்டி வர்றதுக்குள்ள ஜல்தியா ஒடிச்சுக்கினு போயிடுப்பா" என்று சவுரிராயனுக்கு வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார். இருக்கிற மனுஷர்களில் அவர் ஒருத்தர் நல்ல மனுஷர்.

மாசி மாதம் ஆடு வளர்ப்பு முகாம் ஒன்று நடந்தது. சவுரிராயன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டான். ஆர்த்தி என்று ஒரு டாக்டர் பெண், புதுசாக வேலைக்கு வந்தது, தெளிவாகத்தான் சொன்னது. மரத்தழை ஆட்டுக்கு நல்ல சத்து. ஆனால் சவுண்டல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. மீதி இரண்டு பங்கு புல்லோ கொடியோ இருக்க வேண்டும். சினை ஆட்டுக்கு இன்னும் குறைக்க வேண்டும். மீறினால் முடி கொட்டும், குட்டி தங்காது. எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு காகிதமும் கொடுத்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வைகாசி வரைக்கும் அதே அளவில்தான் போட்டான். மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் கேட்டு வாங்கி வந்த கொடி தீர்ந்தது. பிறகு பாதிக்குப் பாதி. பிறகு முழுக்கச் சவுண்டல் தழை. டாக்டரம்மா தழை நல்லதென்று சொன்னதாக ஜெயத்திடம் சொன்னான். அது பொய் இல்லை, பாதி உண்மை. ஆடுகளுக்கோ கொண்டாட்டம். மேலெல்லாம் மினுமினுப்பு ஏறியது. ஆடி மாதம் செவலையைத் தடவிக்கொடுத்த ஜெயத்தின் கையோடு ஒரு பிடி முடி வந்தது. வெயிலுக்கு உதிர்கிறது என்றாள் அவள். ஆமாம் என்றான் இவன்.

நாலாவது குட்டியும் போன அன்று, போன் பண்ணிய ஒரு மணி நேரத்தில் ஆர்த்தி ஸ்கூட்டியில் வந்துவிட்டது. செவலையின் முதுகைத் தடவிப் பார்த்தது. உதிர்ந்த முடியைப் பார்த்தது. அப்புறம் வாசலில் கிடந்த தழைக்கட்டைப் பார்த்தது. முகாமுக்கு வந்தீர்களே, அளவு சொன்னேனே என்று சவுரிராயனிடம் கேட்டது.

ஜெயம் முன்னால் வந்தாள். "எங்களுக்கு யாரும் சொல்லலீங்க மேடம். சொல்லியிருந்தா மறக்கற ஆளு இல்லீங்க இவரு."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. தான்தான் புரிகிற மாதிரி சொல்லவில்லையோ என்று மெதுவாகச் சொன்னது. ஒரு ஊசி போட்டது. இதற்கென்று தனியாக மருந்து இல்லை, தழையை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நிம்மதியாக வண்டி ஓட்டிப் போயிருக்கும். சவுரிராயன் திறக்கவில்லை. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு சொன்னான். "சொன்னாங்க ஜெயம். மூணுல ஒரு பங்குதான்னு சொன்னாங்க. நான்தான் உன்னாண்ட மறைச்சேன்."

ஜெயம் செத்த குட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். ஆனி மாசம் உன் சட்டைய தொவைக்கறப்போ அந்தக் காகிதத்த எடுத்துப் படிச்சேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவ. நிறுத்திட்டு இன்னாத்தப் போடுவ?"

அவன் சுற்றிப் பார்த்தான். சவுக்கு தெரிந்தது, மஞ்சள் கல் தெரிந்தது. அந்த மீதி இரண்டு பங்கு எந்தத் திசையிலும் தெரியவில்லை.

"நாளைக்கு மேஸ்திரி வர்றாராம். ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிடு" என்றாள் ஜெயம். "கத்தி புடிக்கற கை நல்லாதான இருக்குது."

மாதா மேல் வைத்த ஆணையை அவன் ஞாபகப்படுத்தவில்லை. அவளும் கேட்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

காலையிலிருந்து ஒன்றும் தின்னாத ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கத்தியது செவலைதான், அதற்கு இரண்டு வயிற்றுப் பசி. ஜெயம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மூன்று விரல் கையால் தழைக்கட்டை அவிழ்த்து, ஒரு கொத்தை எடுத்துச் செவலையின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அது ஆசையாகத் தின்றது.