பயணத் திட்டத்தில் முபிதாவின் பெயர்

"என் பேர அதுல எழுதாத," என்றான் முபிதா. "அக்டோபர்ல நான் இருக்க மாட்டேன்."

லுயாண்டோ தலையை நிமிர்த்தவில்லை. "எங்க போற? உங்க ராஜாவுக்குப் படகு தள்ளவா?"

"செத்துப் போயிருவேன்."

"போ. எங்க மாடுங்களாவது நிம்மதியா மேயும்."

அவன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே, டென்மார்க்கிலிருந்து வரப்போகும் குடும்பத்தின் பயணத் திட்டத்தில் முதல் நாளுக்கு நேரே 'வண்டியும் வழியும்: முபிதா' என்று தட்டினாள். மற்ற நாட்களுக்கும் அதையே தட்டினாள்.

அவள் டோங்கா, அவன் லோசி. இந்த இரண்டு சனத்துக்கும் நடுவே கேலி முறை உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதைப் போலத்தான், ஆனால் ஒரு குடும்பத்தோடு நிற்காது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த முன்பின் தெரியாத லோசியைப் பார்த்து, "என் மாடு எங்கடா?" என்று ஒரு டோங்கா கேட்கலாம். எந்தக் காலத்திலோ லோசிகள் ஓட்டிக்கொண்டு போன மாடுகளுக்கு இன்றைக்கும் வாயாலேயே வசூல் நடக்கிறது. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்தான் போய்க் குழி வெட்ட வேண்டும், களி கிண்ட வேண்டும், செத்தவரையே நக்கல் பண்ணி அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்.

அதனால் முபிதா எதைச் சொன்னாலும் லுயாண்டோவுக்கு அது முறைப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. அவனிடம் வேறு எந்தப் பேச்சும் அவள் பேசிப் பழகியதில்லை.

அவளுடைய அலுவலகம் லிவிங்ஸ்டனில் ரயில் பாதை ஓரத்தில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. சுவரில் அருவியின் பெரிய படம் மாட்டியிருந்தது. ஏப்ரல் வெள்ளத்தில் எடுத்த படம், புகையாக எழும்பும் நீரில் பாறையே தெரியாது. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஜூலையிலேயே, எல்லைக்கு இந்தப் பக்கம், நம் பக்கத்து அருவி நூல் நூலாக இறங்கியது. கரீபா அணையில் தண்ணீர் இல்லாததால் மின்சாரமும் இல்லை. எப்போதாவது வரும் மின்சாரத்துக்காகக் கணினிக்கு முன்னால் காத்திருந்து, வந்ததும் கடிதங்களுக்குப் பதில் போட வேண்டும். அருவியே வற்றிவிட்டதாக வெளிநாட்டில் செய்தி போட்டதில் வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். இருந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை விற்றாயிற்று. கணக்கு பார்த்த பெண்ணை அனுப்பியாயிற்று. மிஞ்சியது பழைய பச்சை வண்டியும் முபிதாவும்தான்.

அந்த நேரத்தில்தான் கோபன்ஹேகனில் இருந்து ஒரு பயண நிறுவனம் எழுதியது. இங்கா என்ற பெண் கல்யாணமான புதிதில் இங்கே வந்திருந்தாளாம். இப்போது கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். ஒரே நிபந்தனை, அன்றைக்கு வண்டி ஓட்டியவரே இன்றைக்கும் ஓட்ட வேண்டும். காதை விரித்துக்கொண்டு வந்த பெண்யானைக்கு முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு, அதனிடம் வீட்டுப் பெண்ணிடம் பேசுவதைப் போல மெல்லப் பேசித் திருப்பி அனுப்பினாரே, அவர். இந்தப் பயணம் ஒழுங்காக நடந்தால் அடுத்த வருஷத்துக் குழுக்கள் எல்லாவற்றையும் உங்களிடமே தருகிறோம் என்று நிறுவனம் எழுதியிருந்தது. நடக்காவிட்டால் என்ன என்று அவர்கள் எழுதவில்லை. நடக்காவிட்டால் அறையின் சாவியை டயர் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று லுயாண்டோவுக்குத் தெரியும்.

அதனால் அந்தத் திட்டத்தை அவள் குழந்தைக்குத் தலை பின்னுவது போல இழை இழையாகப் போட்டாள். அக்டோபரில் நம் பக்கம் வெறும் பாறை. ஆகவே முதல் நாள் பாலத்தைத் தாண்டி ஜிம்பாப்வே பக்கம் போய் மிச்சமிருக்கும் தண்ணீரைக் காட்ட வேண்டும். மாலையில் அருவிக்கு மேலே படகு, நீர்யானைகள். மறுநாள் கசுங்குலா பாலம் வழியாக அடுத்த நாட்டுக் கசானே ஊர், அங்கிருந்து மிருகங்கள் கூடும் சோபே ஆறு.

"தண்ணி இல்லாத வருஷந்தான் மிருகம் பாக்க நல்ல வருஷம்," என்றான் முபிதா, அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து. "உள்காட்டுக் குட்டையெல்லாம் காஞ்சு போச்சு. எல்லாம் ஆத்தங்கரைக்கே வந்துரும், சாகறதுக்கு."

"இப்படிப் பேசித்தான் விருந்தாளிங்கள மகிழ்விப்பியா?"

"அவங்களுக்கு வேற மாதிரி சொல்லுவேன். நீ டோங்கா, உனக்கு இது போதும்." பிறகு இருமினான். இருமல் நின்றதும் சொன்னான், "ஹமூங்காவ என்கூட அனுப்பு. நண்பகல்ல சிங்கம் எங்க படுக்கும், எந்தத் திருப்பத்துல மண்ணு இளகும், எல்லாம் காட்டிக் குடுத்துர்றேன். அவன் ஓட்டட்டும்."

ஹமூங்கா டயர் கடையில் வேலை பார்த்த டோங்கா. லுயாண்டோ கையைத் தட்டிச் சிரித்தாள். "லோசி வாயால ஒரு டோங்காவுக்குச் சிபாரிசா? அவன் வழியில மாட்டப் பாத்தா வண்டிய நிறுத்திட்டு இறங்கிருவான்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்," என்றான் அவன். "நிறுத்தினா நிறுத்தட்டும்."

ஹமூங்கா அந்த மாதக் கடைசியில் லாரி ஓட்ட லுசாகாவுக்குப் போய்விட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

முபிதா இளைத்துக்கொண்டே வந்தான். கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான். "திருட மாடு இல்லாம லோசி உடம்பு வத்திப் போச்சு பாருங்க," என்று அவள் டயர் கடை ஆட்களுக்குக் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. தூசி என்று நினைத்தாள். ஆகஸ்ட் மாதத்தில் லிவிங்ஸ்டனில் யார் கண்தான் வெள்ளையாக இருக்கிறது.

காற்று சூடாகத் திரும்பிய ஒரு முற்பகலில் அவன் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். உள்ளே வராமல், அங்கேயே இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி, தலையைக் குனிந்து, கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினான். லோசிகள் பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போகும்போது அப்படித்தான் செய்வார்கள். அவன் ஊரில் அதைவிட மரியாதை கிடையாது.

"அம்மா," என்றான்.

அவன் அவளை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. லுயாண்டோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் போட்ட நாடகங்களில் இதுதான் உச்சம் என்று நினைத்தாள். நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, ஈ அடிக்கும் மட்டையைச் சாமரம் போலப் பிடித்துக்கொண்டாள்.

"பேசு, பிரஜையே. மாட்டத் திருப்பிக் குடுக்க வந்தியா?"

டயர் கடை ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முபிதாவின் கைகள் குவிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு அவனும் சிரித்தான்.

"ஆமா, மகாராஜா. ஒரே ஒரு கன்னுக்குட்டிதான் மிச்சம். அதுவும் நொண்டி."

"அரண்மனை வாசல்ல கட்டிட்டுப் போ."

அவன் கதவு நிலையைப் பிடித்து எழுந்தான். முதல் முறை முடியவில்லை, இரண்டாம் முறைதான் எழுந்தான். அதை அவள் பார்த்தாள். கிழவனாகிக்கொண்டு வருகிறான், அடுத்த வருஷம் குழுக்கள் வர ஆரம்பித்ததும் உதவிக்கு ஓர் ஆளைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். என்ன கேட்க வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் வந்தது. டென்மார்க் குடும்பம் வந்திறங்க இரண்டு நாள் இருக்கும்போது, வண்டியைக் கழுவ வருவதாகச் சொன்னவன் வரவில்லை. 'லோசி, எந்தப் பட்டியில புகுந்திருக்க?' என்று செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவே இல்லை. மதியம் வரை பார்த்துவிட்டு, அவன் குடியிருந்த மரம்பாவுக்கு நடந்தாள்.

சந்து திரும்பும்போதே முபிதாவின் வாசலில் பெண்கள் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முற்றத்தில் பெரிய மரக்கட்டையை வைத்து நெருப்பு மூட்டியிருந்தார்கள். வெயில் கொளுத்தும் பகலில் எரிவது சாவு வீட்டு நெருப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"முறைக்காரி வந்துட்டா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, சந்தாவின் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது.

லுயாண்டோ அவளிடம் போனாள். "என்ன ஆச்சு?"

"விடிகாலைல போயிட்டான். ஈரல்தான். ஜூலைக் குளிர்லயே கைவிரிச்சுட்டாங்களே ஆஸ்பத்திரியில. உனக்குத் தெரியாதா?"

"சொன்னான்," என்றாள் லுயாண்டோ.

"மோங்குவுக்குப் போயிடு, உன் சனத்து நடுவுல கண்ண மூடுன்னு நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கிளம்பக்கூடத் தயாரானான். ஒருநாள் நல்ல சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு உங்கிட்ட விடை வாங்கப் போனான். திரும்பி வந்து பையப் பிரிச்சு வெச்சுட்டான். டோங்காக்காரி என் பேர எழுதிட்டா, அந்த வெள்ளக்காரம்மா என்னத்தான் கேட்டு வருது, அத ஓட்டிக் குடுத்துட்டுப் போறேன்னான். அக்டோபர் வரைக்கும் தாங்கும்னு நெனச்சான் போல."

லுயாண்டோ அலுவலகத்துக்குத் திரும்பி வந்து மின்சாரத்துக்காகக் காத்திருந்து கோபன்ஹேகனுக்கு எழுதினாள். ஓட்டுநர் இறந்துவிட்டார் என்று எழுதினாள். பதில் சீக்கிரமே வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இங்கா அழுததாகவும், ஆனால் பிள்ளைகள் ஆவலோடு இருப்பதால் வேறொரு பெரிய விடுதி மூலம் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவள் திட்டத்தைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளுக்கு நேரேயும் அவன் பெயர் இருந்தது. அதை அழிக்கப் போனவள் அழிக்காமல் கணினியை மூடினாள்.

இரண்டு நாள் அவள் சாவு வீட்டில் முறைக்காரி செய்ய வேண்டியதைச் செய்தாள். பெரிய பானையில் களி கிண்டினாள். டயர் கடை டோங்காக்கள் கடப்பாரையோடு போய்க் குழி வெட்டினார்கள். தரை கல்லாக இறுகிக் கிடந்தது என்றும், செத்தும் இந்த லோசி வேலை வாங்குகிறான் என்றும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மோங்குவிலிருந்து அவன் அண்ணன் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார். உடலை அங்கே கொண்டு போக வழியில்லை, வெயில் அப்படி. இங்கேயே புதைப்பது என்று முடிவானது.

"வெள்ளச் சமவெளியில பொறந்தவன்," என்றார் அண்ணன். "ஒரு பொட்டுத் தண்ணி இல்லாத மண்ணுல போடறோம்." பிறகு லுயாண்டோவைப் பார்த்தார். "நீதானே அந்த டோங்காக்காரி? ஃபோன்ல உன்னப் பத்தித்தான் பேசுவான். உன் வாய்க்கு ஈடு குடுக்க முடியலன்னு சொல்லிச் சிரிப்பான். வா, அவன வழியனுப்பு."

மயானத்தில் பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்ததும் சந்தாவின் அம்மா முபிதாவின் தொப்பியைக் கொண்டுவந்து லுயாண்டோவின் தலையில் வைத்தாள். அது அவள் காது வரை இறங்கியது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுது களைத்த முகங்கள். அவள்தான் அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும்.

அவள் ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டாள். அவனைப் போல இருமினாள். யாரோ சிரித்தார்கள்.

"இந்த லோசி," என்றாள், "எங்கிட்ட வந்து மண்டி போட்டான். கை தட்டினான். அம்மான்னான்."

"லோசி டோங்காகிட்ட மண்டி போட்டானா?" என்று ஒருவர் கேட்க, சிரிப்பு பரவியது.

"சாகப் போறேன், ஊருக்கு விடுன்னு கேக்க வந்தான். நான் கால மேசமேல போட்டேன். மாடு எங்கன்னு கேட்டேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "சரியான கேள்வி கேட்ட," என்றார்.

"கேலி இல்ல," என்றாள் லுயாண்டோ. "நிஜமாவே கேட்டேன். அவன் நிஜமாவே சொன்னான். நான் சிரிச்சேன்."

அதற்கும் சிரித்தார்கள். இத்தனை அழகாக முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிற முறைக்காரியை அவர்கள் பார்த்ததில்லை. அவள் போய்ப் பெட்டிக்கும் குழிக்கும் நடுவே தரையில் படுத்துக்கொண்டாள். அதுவும் முறைதான். பெட்டியைப் போகவிடாமல் மறித்துப் படுப்பார்கள், செத்தவர் வீட்டார் எதையாவது வீசினால் எழுந்து வழிவிடுவார்கள். அண்ணன் சட்டைப் பையைத் துழாவி ஒரு நோட்டை அவள் மேல் போட்டார்.

"எழுந்திரு, டோங்கா. கன்னுக்குட்டி விலை."

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று போட்டார். பெண்கள் காசு வீசினார்கள். "பத்தாதாம், பத்தாதாம்" என்று டயர் கடை ஆட்கள் கத்தினார்கள். மேலே விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிப் போனது. அதில் யார் வருகிறார்கள் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

மண் சுட்டது. தொப்பி கண்ணை மறைத்திருந்தது. அதில் இன்னும் அவன் வியர்வையும் டீசலும் மணத்தன.

"நல்லாப் பண்றா," என்று யாரோ சொன்னார்கள்.