கல்யாணப் பூசாரி கொடுத்த பெயர்

காலைப் பலகார மேசையில் பப்பாளி வெட்டிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். நேற்றைய கல்யாணச் சடங்கில் பக்கத்துக் குடில்காரருக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அதே காசு கொடுத்த தனக்கு மட்டும் ‘ரோய்’ என்று ஒரே விழுங்கில் முடிகிற பெயர். இது என்ன நியாயம் என்று கேட்டார். ரோய் என்பது களவா மீனின் பெயர் என்று அவருக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் புகார் அவர் விரும்பிய நீளத்துக்கு வந்திருக்கும். மேலாளர் திபோ பாரிஸிலிருந்து வந்தவர், இடி விழுந்தாலும் புன்னகை கலையாதவர். மன்னிப்புக் கேட்டு, ஒரு தட்டு அன்னாசி அனுப்பச் சொல்லிவிட்டு, நேராகப் படகுத்துறைக்குப் போனார்.

அங்கே மாதாஹி இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தான். பகலில் அவன் விடுதியின் படகோட்டி. புதனும் சனியும் பொழுது சாயும் நேரத்தில் இலைப்பாவாடை கட்டி, தலையில் சேவல் இறகு செருகி, பழைய காலத்துப் பூசாரி ஆகிவிடுவான். ஏற்கெனவே கல்யாணமாகிப் பேரப்பிள்ளை கண்டவர்களெல்லாம் பசிபிக் கடல் நடுவே இருக்கும் இந்தத் தஹா தீவுக்குப் பறந்து வந்து இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்வார்கள். இருவரையும் ஒரே துணியால் சுற்றி, சங்கில் கடல்நீர் மொண்டு தெளித்து, தலையில் கைவைத்து ஆளுக்கொரு தஹித்திப் பெயர் வைப்பது மாதாஹியின் வேலை.

“இனிமே பேரு கொஞ்சம் நீளமா வைப்பா,” என்றார் திபோ. “ஒருத்தருக்கு நீளம், ஒருத்தருக்குக் குட்டைன்னு இருந்தா புகார் வருது.”

“நீளமா வெச்சா அவங்களுக்கு வாயில நுழையாதே, ஐயா?”

“நுழைய வேணாம். எழுதினா பெருசாத் தெரியணும்.”

உண்மையில் மாதாஹியிடம் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. காற்றின் பெயர்களையும், பூக்களையும், மீன்களையும் வைத்தாகிவிட்டது. போன வாரம் ஒரு கனடாக்காரருக்குத் தன் மச்சான் தூமாதாவின் நாயின் பெயரை வைத்தான். நல்ல நாய், பெயரில் குறையில்லை. பின்னால் முரசு கொட்டிக்கொண்டிருந்த தூமாதா மட்டும் சடங்கு முடியும்வரை தலை நிமிரவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் ஒதீலும் ஜெராரும். பிரான்சின் லீல் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் ஒதீல். தலைமுடியைக் குட்டையாகக் கத்தரித்திருந்ததால் பூமுடி நிற்காமல் காதுவரை சரிந்தது. அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே, யாரும் கேட்காமலே மாதாஹியிடம் சொன்னாள்: “மூணாவதும் பொண்ணாப் போச்சேன்னு எங்கப்பா பேரே யோசிக்கல. ஆஸ்பத்திரியில பேரு எழுத வந்தவன் கேட்டதும், பக்கத்துல நின்ன நர்ஸோட பேரைச் சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்குன்னு யோசிச்சு ஒருத்தர் பேரு வைக்கறது இதுதான் முதல் தடவை.” சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாதாஹி வைக்க நினைத்திருந்தது ஒருவகைச் சூரை மீனின் பெயர். அவள் தலையில் கைவைத்தபோது அது வரவில்லை. அதற்குப் பதிலாக, அவனுக்குத் தெரிந்ததிலேயே நீளமான, அழகான பெயர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

“மராமா-இ-தெ-ஆரா.”

முரசு நின்றது. வழியில் நின்ற நிலா என்று அந்தப் பெயருக்குப் பொருள். அது தூமாதாவின் வீட்டுப் பெயர். அதாவது மாதாஹியின் மனைவி வைமிதியின் தாய்வீட்டுப் பெயர். உயிரோடு இருப்பவர்களில் ஒரே ஒரு பெண்தான் ஒரு நேரத்தில் அதைச் சுமக்கலாம். கடைசியாகச் சுமந்த பெரியம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அந்தப் பெயர் வைமிதியின் வயிற்றில் இருக்கும் பெண்குழந்தைக்காகக் காத்திருந்தது.

மாதாஹி வீட்டுக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. மாமியார் தெயுரா முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வைமிதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அத்தை, அது சும்மா நாடகம். பாவாடையே வாடகைப் பாவாடை.”

“பாவாடை வாடகை. வாயி யாருது?”

“என்னுதுதான்.”

“தலையில கை வெச்சியா?”

“வெச்சேன்.”

“கடல்தண்ணி தெளிச்சியா?”

“தெளிச்சேன்.”

“அப்புறம் என்ன நாடகம்? என் பேத்தி பேரைப் பஸ்ஸு ஓட்டற பொம்பளைக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறான் பாரு, பெரிய பூசாரி!” துருவிய கை நிற்கவில்லை. “நாய்ப் பேரு தீந்துபோச்சுன்னா பூனைப் பேரு வைக்கறதுதானடா?”

வைமிதி கடலைப் பார்த்தபடியே தம்பியிடம் சொன்னாள்: “தூமாதா, உங்க பூசாரியை இன்னிக்குப் படகுக் கொட்டகையில படுத்துக்கச் சொல்லு.”

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்த கையோடு தெயுரா வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமலே, வைமிதியையும் கூட்டிக்கொண்டு, அண்ணன் தம்பி வகையறாக்கள் புடைசூழப் படகேறி விடுதிக்கு வந்திறங்கினாள். மண்ணடுப்பில் வெந்த பன்றி, சேப்பங்கிழங்கு, வெற்றுக்கையோடு பெண் கேட்கப் போகக் கூடாது என்பது போல ஒரு கூடை வனிலா. திபோ பார்த்தார், முகம் மலர்ந்தது. உடனே மற்ற விருந்தினர்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் படமெடுக்கக் கூடிவிட்டார்கள். இது கட்டணத்தில் அடக்கமா என்று ஜெர்மன்காரர் கேட்டார்.

ஒதீல் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். தெயுரா எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தப் பேரை உனக்குக் குடுத்தவன் எங்க மாப்பிள்ளை. குடுக்க அவனுக்கு உரிமை கிடையாது. ஆனா குடுத்துட்டான்.”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஒதீல், வைமிதியின் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். “அப்ப நான் திருப்பித் தரணுமா?”

“திருப்பித் தர அது என்ன தட்டா? வெச்சிருக்கறவ, பொறந்த புள்ளை காதுல தன் வாயால சொல்லணும். அப்பதான் போகும். அதுவரைக்கும் நீதான் மராமா-இ-தெ-ஆரா. எங்க அக்கா மாதிரி.”

“நான் குடுக்கலைன்னா?”

ஜெரார் மனைவியின் கையைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“குடுக்கலைன்னா நீ சாகற வரைக்கும் காத்திருப்போம்,” என்றாள் தெயுரா. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “நீ வேற நல்லாத் திடமா இருக்க.”

ஜெரார்தான் முதலில் சிரித்தார். ஒதீல் சிரிக்கவில்லை. “ராத்திரி பூரா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். இப்பத்தான் நாக்குல உக்காந்துச்சு,” என்றாள். வைமிதியின் வயிற்றை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “பிள்ளை பொறக்கற வரைக்கும் இருக்கேன். குடுப்பேனான்னு இப்பச் சொல்லத் தெரியல,” என்றாள்.

“அது போதும். பெட்டியை எடு.”

விடுதியில் இன்னும் சில நாள் தங்குவதானால் லீலில் இருக்கும் வீட்டை விற்க வேண்டியிருக்கும். எனவே தெயுராவின் வீட்டுப் பின்னறையில் பாய் விரிக்கப்பட்டது. விடுதியில் கண்ணாடித் தரைக்குக் கீழே மீன் நீந்தும். இங்கே தரைக்குக் கீழே கோழி கத்தியது. அங்கே வாழையிலையில் பூத்தூவி வந்த பச்சைமீன், இங்கே அலுமினியச் சட்டியில் தேங்காய்ப்பால் மிதக்க வந்தது. மீன் கிடைக்காத அன்றைக்கு டப்பா மாட்டிறைச்சி. ஜெரார் இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். மூன்றாம் நாள் தேங்காய் துருவப் பழகினார். அதன்பிறகு அந்தத் துருவுபலகையை அவரிடமிருந்து வாங்க ஆளில்லை.

ஒதீலின் நிலைமை வேறு. ஊரில் யாருமே அவளை ஒதீல் என்று கூப்பிடவில்லை. ரொட்டி வண்டிக்காரன் முழுப் பெயரையும் சொல்லி ரொட்டியை நீட்டினான். இறந்துபோன பெரியம்மாவிடம் சண்டை போட்டு மிச்சம் வைத்திருந்த ஒரு கிழவி வந்து, ஒதீலிடம் அந்தச் சண்டையைத் தொடர்ந்தாள். ஒதீலுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் நின்றாள். தேவாலயத்தில் அந்தப் பெயர்க்காரியின் இடம் இரண்டாம் பெஞ்சின் ஓரம். தெயுரா ஒரு வெள்ளைத் தொப்பியைக் கொடுத்து அங்கே உட்கார வைத்தாள். பெண்கள் குரலெடுத்துப் பாடியபோது ஒதீல் வாயை மட்டும் அசைத்தாள். அடுத்த ஞாயிறு குரலும் வந்தது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் இப்போது யோசிக்காமல் திரும்புவதை மாதாஹி கவனித்தான்.

வைமிதி அவனோடு நேராகப் பேசவில்லை. “பூசாரிகிட்ட வாளி நிரம்பிடுச்சுன்னு சொல்லுங்க,” என்று ஜெராரிடம் சொல்வாள். அவரும் கடமை தவறாமல் ஒரு முழ தூரத்தில் நிற்கும் மாதாஹியிடம் வந்து சொல்வார். ஒருநாள் அவராகவே, “தம்பி, எம் பொண்டாட்டி ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டா. பேருந்து ஓட்டினப்பவும் வழி விட்டதில்ல,” என்றும் சொல்லி வைத்தார்.

வலி ஒரு விடியற்காலையில் வந்தது. படகில் எல்லாரும் ஏறினார்கள். எதிரே ராயாதேயா தீவு, ஆஸ்பத்திரி அங்கேதான். மாதாஹி படகை அலைமேல் துள்ளாமல் ஓட்டினான். வழி நெடுக வைமிதி ஒதீலின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மதியத்துக்குள் பெண் பிறந்தாள். நல்ல கனம், தலை நிறைய முடி.

அறைக்குள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். தெயுரா பிள்ளையைத் துணியோடு எடுத்து ஒதீலின் கையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். ஒதீல் அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதாஹி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நீ வாயைத் திறக்காத,” என்றாள் வைமிதி, அவனைப் பார்த்தே. இத்தனை நாளுக்குப் பிறகு அவள் நேராகப் பேசிய முதல் சொல். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒதீல் ஜன்னல் பக்கமாக நகர்ந்தாள். வெளியே ஒரு பெண் யாருடைய பெயரையோ சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஒதீல் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். குனிந்து, வாயைப் பிள்ளையின் காதருகே கொண்டுபோனாள்.

“மராமா…” என்றாள்.

அதோடு நின்றாள். மிச்சத்தை எடுத்துக்கொடுக்கத் தெயுராவின் உதடு அசைந்தது. சத்தம் வெளியே வராமல் கையால் பொத்திக்கொண்டாள். ஒதீலின் மூச்சு பட்டு, பிள்ளையின் காதோரத்து முடி மட்டும் எழுந்து எழுந்து படிந்துகொண்டிருந்தது.