கேட்ஹவுஸ் வளைவில் எடுத்த படங்கள்

கிளைவ் ராத்போனின் பச்சைப் பந்தயக் கார் அவனைவிட நான்கு வயது மூத்தது. ஒரு கோழிப்பண்ணையில் வெறும் சட்டமாகத் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவந்து, தம்பி டெஸ்மண்டோடு சேர்ந்து ஒன்பது வருஷம் பாடுபட்டு ஓட வைத்திருந்தான். தார்ன்ஃபீல்டில் பழைய கார்களின் பந்தயம் நடக்கும்போதெல்லாம் அதைப் படமெடுக்காமல் நோரா பென்ஹாலிகன் வீடு திரும்பியதில்லை. காலண்டர் போடுகிறவர்கள் அவளிடம் முதலில் கேட்பதே அந்தக் காரைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிளைவ் பன்றிக்கறி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

"இன்னிக்கு எங்க நிக்கப்போற நோரா?"

"கேட்ஹவுஸ் வளைவுல. நேர் ரோடு முடியற இடம்."

"நல்லதாப் போச்சு. அந்தப் பியர்ஸ் பயல் மூஞ்சியப் பெருசா ஒண்ணு எடுத்து வச்சுக்கோ. சாயங்காலம் அது அதே மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது."

காருக்கு அடியில் கிடந்த டெஸ்மண்ட் சிரித்தான். நோராவும் சிரித்தாள். போன மாதம் வேறொரு ஊரில், பியர்ஸ் அட்லியின் நீலக் கார் பின்னாலிருந்து இடித்ததில் கிளைவின் கார் சுவரில் போய் மோதியது. பந்தயமென்றால் இதெல்லாம் சகஜம் என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். பியர்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆள் மூலம் ஒரு ஷாம்பெயின் பாட்டில் அனுப்பினான். பதினோரு கார் வைத்திருப்பவனுக்கு அது போதுமென்று பட்டிருக்கும். கிளைவ் அந்தப் பாட்டிலை ஒர்க்‌ஷாப் சுவரில் அடித்து உடைத்தான்.

பிற்பகலில் பந்தயம் தொடங்கியது. டயர் அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் நீள லென்ஸோடு நின்றாள் நோரா. பக்கத்தில், ஆபத்தென்றால் ஓட்டுபவர்களுக்குக் கொடியசைக்கும் கொடிக்காரி ஐரீன். ஆறாவது சுற்றில் பச்சையும் நீலமும் நேர் ரோட்டில் அவளைப் பார்த்துப் பாய்ந்து வந்தன. கிளைவ் அரைக் கார் நீளம் முந்தியிருந்தான். பியர்ஸ் அவனுக்கு வலப்பக்கம் ஏறி வந்தான். நோரா பொத்தானை அழுத்தினாள். கேமரா படபடவென்று சுட்டுத் தள்ளியது.

லென்ஸுக்குள் கிளைவின் தலை வலப்பக்கம் திரும்பியது. பிறகு கைகள் திரும்பின. முன்சக்கரங்களும் திரும்பின. ரோடு அங்கே நேராகத்தான் இருந்தது.

பச்சைக் காரின் பின்சக்கரம் நீலக் காரின் முன்சக்கரத்தில் ஏறியது. மறுநொடி பச்சைக் கார் தலைகுப்புறப் பறந்து, மூக்கு தரையில் குத்தி, இரண்டு முறை புரண்டது. அந்தக் காலத்துக் காருக்கு பெல்ட் கிடையாது. கிளைவ் கந்தல் மூட்டைபோலத் தெறித்துப் புல்லில் விழுந்தான். கார் அவனுக்கு நான்கடி தள்ளி வந்து கவிழ்ந்தது. டாங்க் பிளந்து பெட்ரோல் அவன்மேல் கொட்டி, குப்பென்று பற்றிக்கொண்டது.

நோராவின் விரல் பொத்தானிலேயே இருந்தது. கிளைவ் எழுந்து முழங்காலில் நின்றான். இரண்டு கையும் எரிந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் கத்தினான்.

"நோரா! அந்தச் சனியனக் கீழ போடு!" என்று அலறிக்கொண்டே ஐரீன் தீயணைப்பானோடு ஓடினாள்.

நோரா தடுப்பைத் தாண்டிக் குதித்தாள். படமெடுப்பவர்கள் அதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கிளைவின் காலரைப் பிடித்து இழுத்தாள். துணி கையோடு வந்தது. அக்குளில் கைகொடுத்து மறுபடி இழுத்தாள். தீயணைப்பானின் வெள்ளைப் பொடி மூவரையும் மூடியது. அவன் கையுறை சதையோடு ஒட்டியிருந்தது. அவளுடைய புருவம் கருகிய நாற்றம் அவளுக்கே அடித்தது.

ஆம்புலன்ஸ் போனபின் அவள் கார் கொட்டகைகளுக்கு நடந்து வந்தபோது, அங்கே டெஸ்மண்ட் சுத்தியலோடு நின்றான். சக்கர மரையைத் தட்டிக் கழற்றும் செம்புச் சுத்தியல், இரண்டு கிலோ இருக்கும். நீலக் காரின் மூக்கை ஏற்கெனவே சப்பையாக்கியிருந்தான். பியர்ஸ் சுவரோடு ஒண்டியிருந்தான். மோதலில் உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் நெஞ்சுவரை வழிந்திருந்தது.

"ரெண்டாவது தடவடா! ரெண்டாவது தடவ பின்னாடி வந்து இடிக்கற!"

"நான் இடிக்கல... சத்தியமா நான்..."

சுத்தியல் பியர்ஸின் தோளில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். அவன் சரிந்தான். டெஸ்மண்ட் மறுபடி ஓங்கினான். இந்த முறை குறி தலை. பக்கத்தில் இருந்த மூன்று மெக்கானிக்குகளும் விலகி நின்றார்கள்.

நோரா நடுவில் பாய்ந்தாள். அவன் முழங்கை அவள் வாயில் இடித்து உதடு கிழிந்தது. கையை விடாமல் தொங்கினாள்.

"அவன் இல்ல, டெஸ்! கிளைவ்தான் திருப்பினான்!"

"என்ன உளறற?"

"பாரு. என்கிட்ட இருக்கு. பாரு!"

ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேமராவின் திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். நேர் ரோடு. கிளைவின் பார்வை. கைகள். திரும்பிய சக்கரங்கள். டெஸ்மண்ட் சுத்தியலை இறக்கினான்.

"அழிச்சுடு" என்றான்.

"மாட்டேன்."

"அங்க அவன் வெந்து கெடக்கான். ஒன் வேன் நடு ரோட்டுல நின்னப்பெல்லாம் ஓடி வந்தவன். அழிச்சுடு நோரா."

அவள் முடியாதென்று தலையாட்டினாள். அவன் இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். விழுந்தாலும் கேமராவின் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். விலாவில் ஓர் உதை விழுந்தது. அதற்குள் யாரோ அவனை இழுத்துவிட்டார்கள். மாலையில் வீங்கிய கண்ணோடு அவளே போய் அதிகாரிகளிடம் படங்களைக் கொடுத்தாள். டெஸ்மண்டைப் போலீஸ் கூட்டிப் போனது.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கிளைவின் கைகள் இரண்டு வெள்ளைப் பந்துகளாகத் தலையணைமேல் இருந்தன. வலக்கையில் மூன்று விரல் போய்விட்டது.

"மொத்தம் எத்தன எடுத்த?"

"அறுபத்தி மூணு."

"நான் எரியறப்ப?"

"இருபத்தி ஒம்போது."

"அது எவ்வளவு நேரம்?"

"மூணு செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி." "நான் முன்னாடியே ஓடி வந்திருக்கணும், கிளைவ்."

"விடு. அந்த மூணு செகண்டுல விரல் ஒண்ணும் மொளச்சிருக்காது." தலையை அவள் பக்கம் திருப்பினான். "டெஸ்ஸ என்ன பண்ணுவாங்க?"

"ஜெயில்தான்னு பேசிக்கறாங்க. பியர்ஸோட தோள் ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு. கிளைவ், கோவத்துல லேசா உரசப் போய் இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லு. நம்புவாங்க. படத்துல நீ திருப்பினதுதான் தெரியுது. நீ என்ன நெனச்சேன்னு தெரியல."

"நீ என்ன நெனக்கற?"

லென்ஸுக்குள் அந்த முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"சாகணும்னுதான் திருப்பினேன்" என்றான். "உரச இல்ல. அவன் சாகணும்னு. எனக்கு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல. ஒரு மாசமா பியர்ஸப் பத்தி நான் பேசின பேச்ச நம்பித்தான் டெஸ் சுத்தியலத் தூக்கினான்." பிறகு, "அதிகாரிங்களுக்கு எழுதிக் குடுக்கணும். பேப்பர் இருக்கா? என்னால எழுத முடியாது. நீ எழுது."

நோரா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்; அவள் தேதி, சுற்று, இடம் எல்லாம் எழுதினாள். 'சாகணும்' என்ற வார்த்தை வந்த இடத்தில் பேனா நின்றது.

"இதையும் எழுதவா?"

"எழுது" என்றான் கிளைவ்.