மடியில் வைத்த ஐந்து நொடி

பத்து மாதம் பேரம் பேசித்தான் அந்தப் பாட்டுப் போட்டியை மேடை ஏற்றினோம். இருபத்து நான்கு நாடுகள், இருபத்து நான்கு பாட்டுகள், ஒரே மேடை. யார் முதலில் பாடுவது என்பதில் தொடங்கி, யாருடைய ஒப்பனை அறை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பிச் சண்டை போட்டார்கள். நான் இரும்புக்கடை வீட்டுப் பிள்ளை. ஆணியை நிறுக்கும்போதே எதிரில் நிற்பவரின் முகத்தையும் நிறுத்துப் பழகியவன். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தான்தான் ஜெயித்தோம் என்று ஒவ்வொருவரையும் நம்பவைத்து அனுப்பினேன். அரங்க வாசலில் ‘உலகுக்கு ஒரே குரல்’ என்று நாலாள் உயரத்துக்குப் பதாகை தொங்கியது. அதன் அடியில்தான் இரண்டு நாட்டுக் குழுத் தலைவர்கள் கார் நிறுத்த இடம் கேட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள்.

போட்டி அன்றைக்கு என் வேலை எண்ணுவது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் தொலைக்காட்சியில் அடுத்த நாட்டைப் பற்றி ஒரு குறும்படம் ஓடும். மேடை கும்மிருட்டாகிவிடும். அந்த இருட்டில் முப்பது பேர் பாய்ந்து பியானோவை வெளியே தள்ளி, ஊஞ்சலை உள்ளே நிறுத்த வேண்டும். நான் ஓரத்தில் நின்று ஹெட்போனில் நாற்பதிலிருந்து கீழே எண்ணுவேன். பூஜ்யம் என்றால் மேடையில் ஈ கூட இருக்கக் கூடாது.

இதில் எனக்கொரு கடைக்காரப் புத்தி. நாற்பது என்று தொடங்கினாலும் கொஞ்சம் வேகமாக எண்ணி, முப்பத்தைந்தாவது நொடியிலேயே பூஜ்யத்துக்கு வந்துவிடுவேன். ஐந்தை மடியில் வைத்துக்கொள்வேன். சொல்கிற விலை ஒன்று, கொடுக்கிற விலை ஒன்று. பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கும் ஆட்களுக்கு இது அத்துப்படி. நான் பூஜ்யம் சொன்ன பிறகும் சாவகாசமாக ஒரு நாற்காலியை நேராக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

தெரியாதவர் ஒருவர்தான். மேடைத் தரையில் குழாய் பதித்து நெருப்புப் பீய்ச்சுகிற வேலைக்காக அந்த வாரம் புதிதாக வந்தவர். நாங்கள் வைத்த பெயர் கந்தகம். ஐம்பது வயது, புருவம் கிடையாது, தொழில் தின்றுவிட்டது.

“அந்தாளுகிட்ட நம்ம அஞ்சு நொடியைச் சொல்லி வைங்க மாமா” என்று கொக்கி இரண்டு தடவை சொன்னான். கொக்கி என் மனைவியின் தம்பி, மேடை ஆட்களுக்கு மேஸ்திரி.

“சொல்லிட்டேன்டா” என்றேன்.

சொல்லவில்லை. சரக்கின் அடக்கவிலையைப் புது ஆளிடம் அவிழ்க்க எனக்கு வாய் வரவில்லை.

போட்டி நாள் காலை ஒத்திகை. அன்றுதான் முதல் தடவையாக நெருப்போடு செய்து பார்த்தோம். குறும்படம் ஓடவில்லை, என் எண்ணிக்கை மட்டும்தான். புகை மேடையை மூடியிருந்தது. பூஜ்யம் என்றேன். கந்தகம் பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றே நம்பித் தீயைத் திறந்தார். கொக்கியின் தம்பி சின்னவன், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பன், அந்தக் குழாய்க்கு நேர் மேலே குனிந்து ஒரு கண்ணாடி நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தான். அவன் போட்ட சத்தம் ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது. நல்ல மைக். நாற்காலி மேலேயே விழுந்திருந்தான். நாங்கள் தூக்கியபோது வலது கன்னத்துத் தோல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு, வெளியே வேனில் உட்கார்ந்து நிகழ்ச்சியை இயக்குகிற அம்மா ஹெட்போனில் கேட்டார். “எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு?”

“சரியாத்தான் இருந்துச்சு மேடம்.”

கொக்கி என் எதிரில் வந்து நின்றான். சட்டையெல்லாம் தம்பியின் தோல் வாடை. “அஞ்சு நொடியை அந்தாளுகிட்ட சொன்னீங்கல்ல மாமா?”

“சொன்னேன்டா.”

“அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்கான். நேத்து சின்னவன், ‘புருவத்துக்கு மை வாங்கித் தரவா அண்ணே’ன்னு கிண்டல் பண்ணானே, அதுக்கு.”

 அந்தக் கணத்தோடு ஐந்தை மடியில் வைக்கிற பழக்கத்தை விட்டேன். நேரலையில் முழு நாற்பது, அசல் பூஜ்யம். இதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காலையில் என்ன நடந்தது என்ற கதவும் சேர்ந்து திறக்கும்.

தூர தேசங்களில் அப்போதுதான் சாயங்காலம் என்பதால் நாங்கள் பட்டப்பகல் ஒரு மணிக்கு நேரலை. முதல் ஆறு பாட்டும் வழுக்கிக்கொண்டு போயின. பயத்தில் எல்லாரும் முப்பது நொடியிலேயே வேலையை முடித்துவிட்டதால் என் பூஜ்யம் மாறியிருப்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆறாவது பாட்டின் நடுவே கொக்கி செல்போனைப் பார்த்தான். “அக்கா அனுப்பியிருக்கா. வலது கண்ணை எடுத்துட்டாங்களாம்.” நாற்காலிக் கால் உடைந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

பாட்டு முடிந்தது. விளக்குகள் அணைந்தன. “நாற்பது” என்றேன்.

கொக்கி மேடைக்குப் போகவில்லை. எனக்கு நாலடி தள்ளி நின்ற கந்தகத்தின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தன் நெற்றியால் அவர் மூக்கில் இடித்தான். முருங்கைக்காய் முறிகிற சத்தம். மறுபடி இடித்தான்.

“முப்பத்தொண்ணு.”

“பைத்தியமாடா உனக்கு?” என்று கந்தகம் திணறினார்.

“என் தம்பி கண்ணு எங்கடா?” மூன்றாவது இடி. கந்தகம் முட்டி போட்டார். கொக்கி அவர் வயிற்றில் பூட்ஸால் உதைத்தான், நிதானமாக, ஒரே இடத்தில்.

“அஞ்சு” என்றதும் கால் நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். கொக்கி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான். கந்தகம் எழுந்து மூக்கைத் துண்டால் பொத்தியபடி, தீயைத் திறக்கும் பொத்தான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன் உதவிப் பெண்ணுக்கு விரலால் சைகை காட்டினார். தாளம் தவறாமல் நெருப்பு எழுந்தது. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும்படி பாடகி அரங்கத்தைக் கேட்டுக்கொண்டாள். எட்டாயிரம் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த இடைவெளியில் கந்தகம் காத்திருக்கவில்லை. விளக்கு அணைந்ததும் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கிக் கொக்கியின் விலாவில் வீசினார். “வாங்கிட்டுச் சும்மா போற ஆளுன்னு நெனச்சியாடா?” இரண்டாவது வீச்சு வாயில் விழுந்தது. கொக்கி இரண்டு பல்லைத் துப்பிவிட்டு அவர்மேல் பாய்ந்து காதைக் கடித்தான். இருவரும் கேபிள்களின் மேல் உருண்டார்கள்.

“ஓரமா அடிச்சுக்குங்கப்பா, பியானோ வருது!” என்று ஒருவன் கத்தினான். உருண்டு ஓரமாகப் போனார்கள். பியானோ சக்கரம் கந்தகத்தின் விரல்மேல் ஏறி இறங்கியது. அவர் அலறியதைக் குறும்படத்தின் இசை விழுங்கிக்கொண்டது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், இரண்டு பேரும் விலகிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எனக்குள்ளேயே பேரம் பேசினேன். இன்னும் ஒரு இடைவெளி பார்ப்போம். களைத்துவிடுவார்கள். என் மனைவியின் முகம் வந்தது. தள்ளிவைத்தேன்.

“அஞ்சு.” விலகினார்கள். அந்த மூன்று நிமிஷப் பாட்டு முழுக்கக் கொக்கி குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பாட்டு நெருப்போடுதான் தொடங்கும். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“நாற்பது.”

கொக்கி கந்தகத்தின் பின்கழுத்தைப் பிடித்து மேடை நடுவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். புகை இருவரையும் மூடியது. எனக்கு நிழல்தான் தெரிந்தது. மீதி ஹெட்போனில் கேட்டது; கொக்கியின் மைக் என் காதுக்கு மட்டும்தான் வரும். முகத்தைத் தரையில் அடிக்கிற சத்தம். பிறகு குழாய் விளிம்பில் பல் உரசுகிற சத்தம். கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“சொல்லு. வேணும்னுதான் பண்ணேன்னு சொல்லு.”

“பூஜ்யம்னாங்க... தெறந்தேன்... அவ்வளவுதான்டா...”

“பதினெட்டு” என்றேன். உதவிப் பெண்ணுக்குப் புகையில் எதுவும் தெரியாது. தன் முதலாளி எங்கே என்றும் தெரியாது. என் பூஜ்யத்துக்காகப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தாள். மற்ற ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

“மச்சான், எறங்கு” என்றேன். “எட்டு.”

“எண்ணுங்க மாமா. பூஜ்யத்துக்கு அப்புறம் அஞ்சு இருக்கு. அதுக்குள்ள கக்கிருவான்.”

“ஆறு. எறங்குடா.”

“எண்ணுங்க!”

“நாலு. மூணு.”

நிறுத்தினேன்.

குறும்படம் முடிந்துவிட்டது. உலகமெங்கும் தொலைக்காட்சிகள் கறுத்தன. வேனிலிருந்த அம்மா என் பிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“அஞ்சு இல்ல மச்சான்” என்றேன். ஹெட்போன் மாட்டிய அத்தனை பேருக்கும் கேட்டது. “இப்ப பூஜ்யம்னா பூஜ்யம். காலையிலதான் அஞ்சு இருந்துச்சு. அவர்கிட்ட நான் சொல்லவே இல்லை. சொன்னேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்.”

வேன் அம்மா கூட வாயை மூடிக்கொண்டார். ஒன்பது நொடி, பத்து நொடி. புகைக்குள் ஒரு நிழல் எழுந்தது. குனிந்து இன்னொன்றைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியது. மெதுவாக நடந்து இறங்கினார்கள்.

“ரெண்டு” என்றேன். “ஒண்ணு. பூஜ்யம்.” நெருப்பு அழகாக எழுந்தது.

அந்தப் பாட்டு முடிய மூன்று நிமிஷம். கொக்கி என் இடப்பக்கம் வந்து நின்றான், கந்தகம் வலப்பக்கம். கந்தகத்தின் உதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கொக்கி தன் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, பெட்டியின் மேல் வைத்தான்.

“மாமா.”

“ம்.”

“இந்தப் பாட்டு முடியட்டும்.”

“எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பா” என்றார் கந்தகம்.

பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது. முப்பது பேர் மேடைக்குப் பாய்ந்தார்கள். “நாற்பது” என்றேன்.

முதல் அடி முப்பத்தெட்டில் விழுந்தது, தாடையில். முப்பத்தைந்தில் சுவரில் மோதினேன். மைக்கை மட்டும் விடவில்லை. இருட்டில் முப்பது பேர் அதைக் கேட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பதில் கந்தகத்தின் பூட்ஸ் முட்டியில் இறங்கியது. உள்ளே ஏதோ கழன்றது. இருபத்து நாலைத் தரையில் கிடந்தபடி சொன்னேன். வாயில் ரத்தம் நிறைந்து எண்கள் வழுக்கின. துப்பித் துப்பிச் சொன்னேன். கொக்கி அழுதுகொண்டே உதைத்தான். “கண்ணுய்யா, கண்ணு! ரெண்டு பிள்ளைய அவன் எப்படிய்யா பார்ப்பான்?” பதினாறில் என் இடது கை விரல்கள் மூன்று அவன் காலடியில் ஒடிந்தன.

‘அஞ்சு’ என்று கேட்டால் கொக்கியின் கால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். பதினாலுக்கு அப்புறம் அஞ்சு என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. மேடையில் யாரோ இன்னும் ஊஞ்சலைப் பூட்டிக்கொண்டிருந்தான். இரும்பின் சத்தம் கேட்டது.

“பதிமூணு” என்றேன். பன்னிரண்டு, பதினொன்று. ஒவ்வொன்றையும் முழுசாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் முழுசாக வாங்கிக்கொண்டேன்.

பூஜ்யம் சொன்னபோது மேடையில் யாரும் இல்லை.